திருப்பாத குமிழ்

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவர். டாக்டர் இல்லை. யாராவது டாக்டர் என்று கூப்பிட்டுவிட்டால் பதறிப்போய்த் திருத்துவார். ஆளை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின்மேல் ஒரு கனமான சட்டத்தை மாட்டி, அதில் ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, வேறொன்றைப் போட்டு, "இது நல்லா தெரியுதா, இதுவா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. காலையில் தொடங்கினால் கடை சாத்தும்வரை ஒண்ணா, ரெண்டாதான்.

வீட்டுக்கு வந்த பிறகாவது வாய் நிற்குமா? நிற்காது. சட்டை எடுக்கப் போனாலும் அதே கேள்வி, சுவருக்கு வண்ணம் அடிக்கப் பார்த்தாலும் அதே கேள்வி. நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னால் என்னை ஒருத்தியைத்தான் பார்த்தாராம். இன்னொருத்தியையும் பார்த்திருந்தால் இன்றைக்கும் இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருப்பார். தெருவில் அவருக்குப் பெயரே ஒண்ணாரெண்டாதான். காய்கறிக் கடைக்காரர்கூட, "வாங்க ஒண்ணாரெண்டா சார், தக்காளி ஒரு கிலோவா, ரெண்டு கிலோவா?" என்று கலாய்ப்பார். இவருக்குக் கோபமே வராது. நின்று யோசித்து, "ரெண்டு" என்பார். நாங்கள் இரண்டே பேர், இரண்டு கிலோ தக்காளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இந்த மனிதருக்குப் பாட்டுப் பைத்தியம் வேறு. சும்மா ரேடியோவைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிற ரகம் இல்லை. காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வைத்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு எங்கள் சின்ன அறையில் உட்கார்ந்துவிட்டால் வீடு இடிந்து விழுந்தாலும் தெரியாது. அந்த ஹெட்போனை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினால் அதற்கு மரியாதைக் குறைவாம். கம்ப்யூட்டரில் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறதாம். அந்த எண்களைக் காதுக்குப் புரிகிற அலையாக மாற்ற ஒரு கருவி வேண்டும், அதற்கு டி.ஏ.சி. என்று பெயர். மாற்றினால் மட்டும் போதாதாம், பெரிய ஹெட்போனை ஆட்டிவைக்கத் தெம்பு வேண்டும், அதற்கு ஆம்ப்ளிஃபயர். "ஏங்க, ரெண்டும் ஃபோனுக்குள்ளயே இருக்கே?" என்று ஒரு நாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். சாப்பாடு ஆறிப்போகும்வரை பாடம் நடந்தது. அதிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை.

அவரிடம் ஏற்கெனவே ஒரு வெள்ளிப் பெட்டி இருந்தது. இரண்டு வேலையையும் ஒன்றே செய்துவிடும், மேசையில் ஒரு புத்தகம் அளவு இடம்தான் பிடிக்கும். எனக்கு அதன்மேல் புகாரே இல்லை. அது போதாதென்று, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் ஒரு கறுப்பு ஜோடியை வாங்கி வந்தார். டி.ஏ.சி. தனி, ஆம்ப்ளிஃபயர் தனி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஓடினால் தொட்டுப் பார்க்க முடியாத சூடு. "இந்த வீட்ல ஏதாவது ஒண்ணுதான் இருக்கும். எதுன்னு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டேன்.

முடிவு பண்ணச் சொன்னது யாரிடம் என்று பாருங்கள். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் பெட்டியை மாட்டினார். அதில் ஒரு குமிழ். இந்தப் பக்கம் திருப்பினால் ஒன்று, அந்தப் பக்கம் திருப்பினால் இரண்டு. பார்த்துவிட்டால் மனசு பாரபட்சம் பண்ணிவிடுமாம், அதனால் எல்லாவற்றின்மேலும் என் நல்ல துண்டு ஒன்றை எடுத்துப் போர்த்தினார். ஒரு பெண் குரல், ஒரு வயலின், அவ்வளவுதான் பாட்டு. ஒரே பாட்டின் ஒரே இடம் திரும்பத் திரும்ப. என்னை உட்காரவைத்துக் கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதான், எழுந்து வாங்க" என்றேன். "உனக்குப் பொறுமை கிடையாது" என்றார். எனக்கா பொறுமை கிடையாது? இவரோடு குடித்தனம் நடத்துகிறேனே!

இப்படிக் கூத்து நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் என் தங்கை வந்து சேர்ந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள். ஆனால் பையைப் பிரித்துப் பார்த்தால் குளிருக்குப் போடுகிற உடுப்பு, பழைய சான்றிதழ்கள், கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த பயணச்சீட்டு அலுவலகத்தின் அடையாள அட்டை என்று ஒன்றுவிடாமல் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பெட்டிகள் இருந்த சின்ன அறையிலேயே அவளுக்குக் கட்டிலைப் போட்டேன்.

அவளைப் புகுந்த வீட்டில் யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் நானே போய் ஒரு கை பார்த்திருப்பேன். அந்த வீட்டில் எல்லாம் மாமியார் முடிவு. ஜன்னல் திரை என்ன நிறம், யார் வீட்டுக்குப் போகலாம், யாரோடு பேசலாம், இவள் வேலைக்குப் போகலாமா கூடாதா, எல்லாமே. அந்த அம்மாள் கத்தவும் மாட்டார். "உனக்கு எதும்மா சிரமம், நான் பாத்துக்கிறேன்" என்று தேனாகப் பேசியே எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார். மகன், அதாவது இவள் புருஷன், தலையாட்டுவான். இவளும் ஆட்டி ஆட்டி, கடைசியில் டீயா காபியா என்று கேட்டால்கூட, "எதுன்னாலும் சரிக்கா" என்கிற நிலைக்கு வந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வந்த அன்றே பாத்திரம் கழுவும்போது, என் முகத்தைப் பார்க்காமல், குழாயிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போக வர்றாங்க. எனக்குப் போக இஷ்டம் இல்லக்கா."

"போகாதே. அவ்வளவுதானே?"

"அவங்க முன்னாடி எனக்குச் சொல்ல வராதுக்கா. கேட்டா, சரின்னுடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா, அக்கா தூண்டிவிடுறான்னு சொல்லுவாங்க. அப்புறம் அவங்களே என்னைத் தனியா கூப்பிட்டுக் கேப்பாங்க. நான் தலையாட்டிட்டுக் கிளம்பிடுவேன்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. 

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்தார். உள்ளே நுழையும்போதே முகம் பளிச்சென்று ஆனது. எனக்குத் தெரியும் என்ன யோசனை என்று. வீட்டில் புதிதாக இரண்டு காதுகள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

"ஏம்மா, கொஞ்சம் உக்காரு. ஒரு பாட்டு கேட்டுச் சொல்லணும்" என்று அவளைப் பிடித்து உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார். குமிழைத் திருப்பினார். ஒண்ணா, ரெண்டா?

"ரெண்டுமே நல்லா இருக்கு மாமா."

"அப்படிச் சொல்லக் கூடாது. ஏதாவது ஒண்ணு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வை கறுப்பு ஜோடி இருந்த பக்கம் ஒரு நொடி போய் வந்ததை அவளும் கண்டுபிடித்திருப்பாள். "ரெண்டாவது" என்றாள். அவருக்கு வாயெல்லாம் பல். மறுபடி ஒரு இடம். மறுபடி "ரெண்டாவது". அவர் 'ம்ம்' என்று இழுத்து மூக்கைச் சொறிந்தார். கடையில் சந்தேகம் வந்தால் அப்படித்தான் செய்வாராம்.

அடுத்த தடவை குமிழைப் பிடித்து, டக்கென்று சத்தம் மட்டும் வரும்படி அசைத்துவிட்டு, திருப்பாமலே விட்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப?"

"இதுதான் மாமா. முன்னதைவிட இது ரொம்ப நல்லா இருக்கு."

"நான் எதையும் மாத்தவே இல்லையேம்மா."

அவள் முகம் சிவந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் தெரியாது மாமா" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா? அவ எந்த நிலைமையில வந்திருக்கா, அவகிட்டப் போய் இந்த வித்தையைக் காட்டுறீங்களே!"

"இதுல என்ன வித்தை? கடையில தினமும் செய்யறதுதான்" என்று இவரும் எகிறினார். "எனக்குப் பிடிக்குமேன்னு பதில் சொல்றவங்க நெறைய பேர் வருவாங்க. அவங்களுக்குப் போட்ட லென்ஸையே எடுத்துத் திரும்பப் போட்டுக் கேப்பேன். நான் சந்தோஷப்படணும்னு சொல்லிட்டு, தப்பான கண்ணாடியை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனா தலைவலி எனக்கா வரும்? அவங்களுக்குத்தான் வரும்."

"அது கண்ணு. இது உங்க டப்பா."

"டப்பா இல்ல, டி.ஏ.சி." என்றார் அந்த நேரத்திலும். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. நாங்கள் பேசியது அவ்வளவும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் அவர் பாட்டுக்குத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இவளை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. நான் போட்ட போடு அப்படி. அவளாகவே போய் அறை வாசலில் நின்றாள்.

"மாமா, நான் இன்னொரு தடவை கேக்கட்டுமா?"

கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குமிழ் போய் வந்தது, போய் வந்தது.  "ஒண்ணா..." என்று அவர் ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள். என் தங்கை ஒருவர் பேச்சைக் கைகாட்டி நிறுத்தியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஒண்ணாவதுதான் மாமா. ரெண்டாவதுல பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உஸ்ஸுன்னு ஒரு சத்தம் இருக்கு. அப்புறம், அது கொஞ்சம் சத்தமா இருக்கு. அதனால நல்லா இருக்கிற மாதிரி தோணுது. நல்லா இல்ல."

இவருக்கு முகம் விழுந்துவிட்டது. துண்டை விலக்கினால் இரண்டாவது கறுப்பு ஜோடி. அவருடைய செல்லம். "சத்தமெல்லாம் சமமா வச்சிருக்கேன்மா. உஸ்ஸும் கிடையாது, புஸ்ஸும் கிடையாது. அதுல அந்தப் பாடகி மூச்சு எடுக்கறது உனக்குக் கேக்கலையா?"

"ரெண்டுலயும்தான் மூச்சு எடுக்கறாங்க."

"இல்லம்மா, அது வேற, இது வேற."

"அப்ப நீங்க உக்காருங்க மாமா. நான் மாத்தறேன்."

ஆசாமி வீராப்பாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இவள் துண்டைப் போர்த்திவிட்டுக் குமிழைப் பிடித்தாள். டக். "இப்ப?" அவர் தலையை ஆட்டி, "ம்ஹூம், தட்டையா இருக்கு. இது வெள்ளி" என்றார். டக். "ஆஹா! இதோ வந்துடுச்சு பார். வயலின் அந்த மூலையில நிக்குது. அவங்க நடுவுல நிக்கறாங்க. நடுவுல எவ்வளவு காத்தோட்டம்! இதைப் போய் நல்லா இல்லன்னியே!" என்று ஆகாயத்தில் பறந்தார்.

"மாமா, நான் திருப்பவே இல்ல."

கண்ணைத் திறந்தார். குமிழைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. முதலில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்தாள் பாருங்கள், கட்டிலில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! அந்தக் கறுப்பு ஜோடியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு.

அவர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனார். போனவர் சும்மா இருப்பாரா? சாப்பிட்டு முடித்ததும் எங்கிருந்தோ ஒரு வோல்ட் மீட்டரைத் தேடி எடுத்துவந்து, விடாமல் ஒலிக்கிற ஒரே கீச்சுச் சத்தத்தை ஓடவிட்டு, இரண்டு பெட்டியிலிருந்தும் வருவதை அளந்தார். காதால் சமமாக வைத்ததாக நினைத்தது சமமே இல்லை. கறுப்பு ஒரு மயிரிழை அதிகம் சத்தம். அதைச் சரிபண்ணிவிட்டு, எல்லா ஜன்னலையும் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, என்னையும் மூச்சுவிடாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். உஸ்ஸும் கேட்டது.

"நீ சொன்னதுதாம்மா சரி" என்றார் அவளிடம். என்னிடம் இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

"ஆனா அந்தப் பாட்டு வேண்டாம் மாமா. அது எனக்குப் பிடிக்கல. அழுமூஞ்சிப் பாட்டு" என்றாள் அவள்.

மறுநாள் கறுப்பு ஜோடி அட்டைப்பெட்டிக்குள் போய், வந்த வழியே திரும்பிப் போனது. அவர் அதைச் சுமந்துகொண்டு இறங்கிய அழகைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் சின்ன அறையில் ஒரே வாக்குவாதம். இந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது, இல்லை, அது நன்றாக இல்லை, இந்தப் பாடகர் பாடுவது மூக்கால், அந்தப் பாடகர் பாடுவது தொண்டையால். பாதி நேரம் அவர் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் சொன்னாள். அவருக்கும் மகா குஷி. நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் இதையெல்லாம் அவளுக்காகச் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தியமாக இல்லை. அவருக்குச் சண்டை போட ஒரு நல்ல காது கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பாட்டைப் பற்றிப் பேசுவது வேறு, அந்த அம்மாள் முன்னால் பேசுவது வேறு.

வந்தார்கள். மாமியார், மகன், இரண்டே பேர். அந்த அம்மாள் வந்ததும் வராததுமாக என் தங்கையின் கன்னத்தைத் தொட்டு, "என்னடா கண்ணு, இளைச்சுட்டே" என்றார். மகன் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தன் கார்ச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். என் தங்கை அவர்களுக்கு எதிரில், முக்காலியின் நுனியில். பழைய மாதிரியே தலை குனிந்துதான் இருந்தது.  என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்றார். வாயைத் திறக்கக் கூடாது என்று காலையிலேயே அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

"உன்னை அவசரப்படுத்த மாட்டேன்" என்றார் அந்த அம்மாள், அதே தேன் குரலில். "உன் இஷ்டம்தான். இன்னைக்கே எங்களோட கிளம்பி வர்றியா, இல்ல அக்காகூட நல்லா இருந்துட்டு மாசக் கடைசியில வர்றியா? எது சௌகரியம்னு நீயே சொல்லு."

எப்பேர்ப்பட்ட கைகாரி பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் வீட்டு வாசல்தான். 

என் தங்கை உடனே பதில் சொல்லவில்லை.  அந்த அம்மாளின் சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது. நேரம் ஆக ஆக அதைப் பிடித்து வைத்திருப்பது அவருக்குச் சிரமமாக இருந்தது எனக்குத் தெரிந்தது.

"நான் வரல" என்றாள்.

"சரிடா. அப்ப மாசக் கடைசியில..."

"மாசக் கடைசியிலயும் வரல. எப்பவும் வரல."

 ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. அந்த அம்மாள் அவளைவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிவிட்டார். "இவ எப்பவும் இப்படித்தான். தனக்கு என்ன வேணும்னு இவளுக்கே தெரியாது. நீங்க மூத்த மாப்பிள்ளை. நீங்க எடுத்துச் சொல்லுங்க."

"நான் என்னங்க சொல்றது?" என்றார் இவர். நான் சொல்லிவைத்ததெல்லாம் காற்றோடு போயிற்று. "அவதான் தெளிவா சொல்லிட்டாளே. உங்களுக்குக் கேக்கலையா?"

இருபது வருஷமாக நான் சகித்துக்கொண்ட ஒவ்வொரு ஒண்ணா ரெண்டாவையும் அந்த ஒரு வாக்கியத்துக்காக மன்னித்துவிட்டேன்.

அப்போதுதான் மகன் முதல்முதலாகத் தலையை நிமிர்த்தினான். "நாங்க உனக்கு என்ன குறை வச்சோம்?"

"குறை ஒண்ணும் வைக்கல. உங்களுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும். உங்க அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு தெரியும். எனக்கு என்ன பிடிக்கும்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

 அவன் மெதுவாக, "சரி, இப்பக் கேக்கறேன்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அந்த நேரத்தில் எனக்கே அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

"இப்ப நான் சொல்லிட்டேனே" என்றாள்.

அதற்குமேல் அங்கே பேச என்ன இருக்கிறது? அந்த அம்மாள் மட்டும் படி இறங்கும்வரை ஏதோ சொல்லிக்கொண்டே போனார். மகன் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சின்னவளே போய்ச் சாத்தினாள். சாத்திவிட்டு, கைப்பிடியை விடாமல் அங்கேயே நின்று, தோள் குலுங்க அழ ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். சின்ன வயசிலிருந்து அவள் அழுதால் நான்தான் கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்திவிட்டு, என்ன வேண்டும் என்று நானே முடிவுபண்ணி வாங்கிக் கொடுப்பேன்.

அவள் ஒரு கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"விடுக்கா" என்றாள். "கொஞ்ச நேரம் நானே அழுதுக்கிறேன்."